நூறு மைலுக்கு முன்னால்

அக்கா,

இன்று காலை விழுப்புரம் வண்டியில் என் எதிர்ப் பலகைக்கு அடியில் ஒரு கருவாட்டுக் கூடை வந்து உட்கார்ந்தது. கொண்டுவந்தவள் சின்ன வயதுக்காரி. உன் சாயல் ஒன்றும் இல்லை. வண்டி நகர்ந்ததும் கரிப்புகையும் நெத்திலி வாசனையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் அடித்தது. பக்கத்திலிருந்தவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் கரி விழுந்துவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் பொய் சொன்னேன்.

நீ போய் நாலு மாதம் ஆகிறது. உனக்கு எழுத்து தெரியாது என்பதால் இத்தனை வருஷப் பழக்கத்தில் உனக்கென்று ஒரு வரிகூட நான் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்ல வாய் வராமல் போனது அத்தனையும் இதில் வந்துவிடுமா என்று தெரியவில்லை.

நாம் முதலில் பேசியதும் இதே வண்டியில்தான். பிரெஞ்சுக் கொடி இறங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதுவரை எல்லையில் வண்டியை நிறுத்தி, சுங்கக்காரர்கள் மூட்டை முடிச்சுகளைக் கிளறுவார்கள். அந்தத் தொல்லை ஒழிந்தது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்த நேரம். அன்றைக்கு டிக்கெட் பரிசோதகர் ஒருவர் உன் கூடையைக் காலால் தட்டி, லக்கேஜ் கட்டணம் கட்டு என்றார். நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்தாய்.

"சுங்கக்காரன் கம்பி வுட்டுக் குத்துவான், மீன் வவுத்துல தங்கம் இருக்கான்னு. அவன் போனான்னு பார்த்தா நீ வந்துட்டியா?"

பெட்டியே சிரித்தது. நான் மட்டும் கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான் விழுப்புரத்துப் பெண். புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டு ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். மாதம் இரண்டு தடவையாவது அம்மாவைப் பார்க்க வண்டியேறுவேன். ஸ்டேஷனில் விற்கிற கால அட்டவணையில் மற்றவர்கள் வண்டி நேரம் பார்ப்பார்கள். நான் கடைசிப் பக்கங்களைப் படிப்பேன். கட்டண விதிகள் பொடி எழுத்தில் அங்கேதான் இருக்கும். மூன்றாம் வகுப்பு டிக்கெட்டுக்கு இன்ன எடை வரை தனிக்கட்டணம் கிடையாது என்ற பக்கத்தை விரித்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், அடுத்த ஸ்டேஷனில் பேசாமல் இறங்கிப் போய்விட்டார்.

நீ எனக்கு நன்றி சொல்லவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்தப் பொஸ்தகத்துல இன்னும் இன்னா எழுதிருக்கு, டீச்சரம்மா?" என்று கேட்டாய்.

அதற்குப் பிறகு வாரம் இரண்டு நாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போகிற வழியில் என் வீட்டு வாசலில் கூடையை இறக்கினாய். உங்கள் குருசுக்குப்பத்தில் யார் எங்கே போகவேண்டுமென்றாலும் என்னிடம் அனுப்பினாய். பிள்ளைக்கு அரை டிக்கெட் எத்தனை வயது வரை, எக்ஸ்பிரஸுக்கும் பாசஞ்சருக்கும் என்ன வித்தியாசம், திருவிழா சமயத்தில் போக வர சேர்த்து எடுத்தால் எவ்வளவு குறையும், எல்லாம் சொல்வேன். அவர்களுடைய கடிதங்களையும் நான்தான் படித்துச் சொன்னேன். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது, அக்கா. ரயில்வேக்காரர்களுக்கே தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற பெருமை.

உன் தம்பியை நான் பார்த்ததில்லை. நீ சொல்லித்தான் தெரியும். உங்கள் அப்பா கடலோடு போனபோது அவன் கைப்பிள்ளை. நீதான் வளர்த்தாய். அவனுக்குக் கடலென்றால் பயம். கட்டுமரத்தில் கால் வைக்க மாட்டான். அதனால் பஞ்சாலையில் சேர்ந்தான். சாக்கு மூட்டை தூக்கித் தூக்கி இடது தோள் கொஞ்சம் உயர்ந்துவிட்டது என்பாய். ஆலையில் ஒரு ஷிப்டை நிறுத்தியபோது அவனுக்கு வேலை போனது. நாலைந்து மாதம் சும்மா இருந்தான். ஒருநாள் மார்க்கெட்டில், நீ மீன் அறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், வெற்றிலைக்குக் காசு கேட்டு வந்து நின்றான். அன்றைக்கு யாவாரம் சரியில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவன் கன்னத்தில் அறைந்தாய். "கடலுக்குப் போவ பயம். திங்க மட்டும் பயமில்ல" என்றாய். அவன் செதில் ஒட்டிய கன்னத்தைத் துடைக்காமலே நடந்து போனான். வீட்டுக்குத் திரும்பவில்லை. இருபத்தைந்து வயது ஆள்.

இதைச் சொல்லும்போதெல்லாம் உன் வலது கையைச் சேலையில் துடைத்துக்கொள்வாய்.

எட்டு மாதம் கழித்து, ராமேஸ்வரம் போய்வந்த குப்பத்துக்காரர் ஒருவரை நீ என்னிடம் அழைத்துவந்தாய். வண்டியிலிருந்து பார்த்தபோது ஒரு ஸ்டேஷனில் உன் தம்பி மூட்டை தூக்கிக்கொண்டிருந்தானாம். கூப்பிடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. எந்த ஊர் என்று தெரியவில்லை. தூரத்தில் கோபுரம் தெரிந்தது என்றார்.

"மாயவரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டேன்.

"தூங்கி முழிச்ச நேரம்மா. நெனப்பு வரல."

"அந்தப் பக்கம்தானே? கும்பகோணம், தஞ்சாவூர்?"

"இருக்கும். அப்படித்தான் இருக்கும்."

அவர் வாயில் அந்தப் பதிலை வைத்தவள் நான். ஏன் அப்படிக் கேட்டேன் தெரியுமா? முந்தின நாள் நீ சேதி சொன்னதிலிருந்தே என் மனத்தில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால் செலவு அதிகம். மதுரைக்கு நேராக ஒரே டிக்கெட் எடுத்தால் தூரம் கூடக் கூட மைலுக்கு விலை குறையும். அதோடு நூறு மைலுக்கு மேற்பட்ட டிக்கெட்டில் நடுவே இறங்கித் தங்கலாம், நூறு மைலுக்கு ஒரு நாள் வீதம். ஸ்டேஷன் மாஸ்டரிடம் டிக்கெட்டைக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும். ஒரே நிபந்தனை, முதல் நூறு மைலுக்குள் இறங்கக் கூடாது. புதுச்சேரியிலிருந்து நூறு மைல் என்பது ஏறக்குறைய மாயவரம். உன் தம்பி அதற்கு அப்பால் இருந்தால் என் திட்டத்துக்குச் சரியாக இருந்தது.

நான் விளக்கி முடித்ததும் நீ சொன்னாய்: "ஒத்த மீனு ஒரு வெல, கூடையோட எடுத்தா ஒரு வெல. எங்க யாவாரம் மாரிதான்." என் வகுப்பில் யாரும் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

சித்திரை விடுமுறையில் கிளம்பினோம். நீ உன் கல்யாணச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாய். விழுப்புரத்தில் மாறி, மெயின் லைன் பாசஞ்சரில் ஏறினோம். கடலூர் தாண்டுவதற்குள் இரண்டு தடவை எழுந்துவிட்டாய். ஒரு தடவை தண்ணீர் ஊற்றுகிறவரைப் பார்த்து, ஒரு தடவை தண்டவாளம் செப்பனிடுகிறவர்களைப் பார்த்து. இரண்டு முறையும் அவனில்லை. இரண்டு முறையும் பெட்டியிலிருந்தவர்கள் உன்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

மாயவரத்துக்கு முன்னால் அந்த ஸ்டேஷன். பெயரை இன்றும் என்னால் எழுத முடியவில்லை. உனக்குத் தெரியும். எதிர் வண்டிக்காக நம் வண்டியை நிறுத்திவைத்திருந்தார்கள். மதிய வெயில். பிளாட்பாரம் முழுக்க நெல் மூட்டைகள். தலையில் மூட்டையோடு ஒருவன் பக்கவாட்டு கேட்டைத் தாண்டி வெளியே வண்டிப்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். முதுகு மட்டும்தான் தெரிந்தது.

நீ எழுந்தாய். கத்தவில்லை, கூப்பிடவில்லை.

"டீச்சரம்மா, அந்தத் தோளப் பாரு."

"மூட்டை தூக்குற எல்லாருக்கும் தோள் அப்படித்தான் இருக்கும், அக்கா."

"நான் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"அவர் கேட்டுக்கு வெளியில போறார். கேட்டைத் தாண்டினா டிக்கெட்டைப் பிடுங்கிடுவாங்க. நூறு மைல் ஆகல. அப்புறம் மதுரை வரைக்கும் புது டிக்கெட் எடுக்கணும். கையில அவ்வளவு இல்ல."

"ஒரு நிமிசம்தான்."

"இதோட மூணாவது ஆளு, அக்கா. வண்டி கிளம்பிடும்."

உன் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தேன். நீ கூடை தூக்குகிறவள். உதறியிருந்தால் நான் விழுந்திருப்பேன். உதறவில்லை. புத்தகம் படித்தவள் சொல்கிறாளே என்று உட்கார்ந்தாய். எதிர் வண்டி வருவதற்கு அதற்குப் பிறகும் வெகு நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் நீ அந்தக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். மூட்டைக்காரன் திரும்பி வரவில்லை. நான் உன் கையை விடவில்லை.

கும்பகோணத்தில் ஒரு நாள், தஞ்சாவூரில் ஒரு நாள் இறங்கினோம். கூட்ஸ் ஷெட், வண்டிப்பேட்டை, சத்திரம் என்று ஒவ்வோர் ஆளிடமும் நீ கேட்டாய். "எடது தோளு கொஞ்சம் ஏறினாப்ல இருப்பான். கன்னத்துல குழி விழும்." யாருக்கும் தெரியவில்லை. மதுரையில் கடைசியாக, ஸ்டேஷன் வாசலில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். "வூட்டுக்குப் போலாம்" என்றாய்.

திரும்புவதற்கு விருத்தாசலம் வழியாக டிக்கெட் எடுத்தேன். திருச்சியில் வண்டி மாறும்போது நீ கேட்டாய், "வந்த வழில போவலியா?"

"அது சுத்து வழி, அக்கா. மைல் கூட. காசும் கூட."

நீ தலையை ஆட்டினாய். உன் கண் அந்தக் கேட்டிலேயே நின்றிருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் டிக்கெட்டை உன் கையில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, இந்தப் பயணத்தில் எவ்வளவு மிச்சம் பிடித்தேன் என்று என் கணவரிடம் சொல்லிக்காட்டினேன்.

அடுத்த தை மாதத்தில் ஒரு கார்டு வந்தது. நீ ஈரக் கையால் தொடாமல் முந்தானையில் பிடித்துக்கொண்டு வந்தாய். வாசற்படியருகில் நின்றபடியே, "எங்கிருந்து வந்திருக்குன்னு பாரு" என்றாய். மூட்டைக்காரர்களின் மேஸ்திரி யாரையோ கொண்டு எழுதியிருந்தார். உங்கள் தம்பி ஒரு வருஷத்துக்கு மேலாக இந்த ஊர் ஸ்டேஷனில் எங்களோடு வேலை செய்துவந்தார், மார்கழியில் விஷக்காய்ச்சல் கண்டது, கடைசியில் உங்கள் விலாசம் சொன்னார், நாங்களே எடுத்துக் காரியம் செய்தோம். அவ்வளவுதான். ஊர்ப் பெயர் மேலே எழுதியிருந்தது. தபால் முத்திரையிலும் இருந்தது. நாம் இறங்காமல் வந்த அதே ஊர்.

ஒரு வருஷத்துக்கு மேலாக என்றால் அந்தச் சித்திரையும் அதற்குள் இருந்தது.

நான் கார்டைப் படித்தேன். செய்தி முழுவதும் சொன்னேன். ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினேன். மதுரைக்கும் தெற்கே ஏதோ ஒரு ஊர் என்றேன். உன்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னேன் என்று அன்று ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

நீ அழவில்லை. கார்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாய். அடுத்த வாரம் வழக்கம்போல் மீன் கொண்டுவந்தாய்.

அந்த வருஷங்களை எப்படிச் சொல்வது? வகுப்பில் தமிழ்நாட்டுப் படத்தில் ரயில் பாதையைக் காட்டும்போது என் குச்சி அந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கும். பஞ்சாலைச் சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்போது முதுகுகளைப் பார்ப்பேன். எந்த முதுகும் முகம் திருப்பக் கூடாது என்று இருக்கும். கட்டணம் கேட்டு வந்தவர்களை, விதியெல்லாம் மாறிவிட்டது, எனக்குத் தெரியாது என்று அனுப்பினேன். நீ மட்டும் வந்துகொண்டிருந்தாய். செதில் நீக்கி, துண்டுபோட்டு, சட்டியில் போட்டுவிட்டுச் சற்று நேரம் என் முகத்தைப் பார்ப்பாய். பிறகு சுமையைத் தூக்கிக்கொண்டு போவாய். எதற்காக நிற்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை. ஏதோ வேறு கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

இந்தத் தை மாதம் வந்தாய். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கூடை இல்லை.

"எனக்கு ஒரு டிக்கெட்டு எடுத்துக் குடு" என்று சொல்லி, அந்த ஊரின் பெயரைச் சொன்னாய். வெகு சாதாரணமாக, மார்க்கெட் பெயரைச் சொல்வதுபோல.

"அக்கா" என்றேன்.

"கொறஞ்ச டிக்கெட்டெல்லாம் வேணாம். மதுரைக்கு எடுத்து நடுவுல எறங்குறது, அதெல்லாம் வேணாம். நேரா அந்த ஊருக்கு. நீயும் வா. தனியா நடக்க முடியல."

அந்த ஸ்டேஷனில் நீ என் தோளைப் பிடித்து இறங்கினாய். கேட்டில் டிக்கெட்டைக் கொடுத்தோம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார். வெளியே நாலு எட்டு வைத்து நீ நின்றாய். கேட்டிலிருந்து வண்டிப்பேட்டை அவ்வளவுதான் தூரம், அக்கா. பெட்டியிலிருந்து கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

மேஸ்திரி இன்னும் இருந்தார். கிழவர். உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "புதுச்சேரி அக்காவா?" என்று கேட்டார். வாய்க்கால் கரையில் எரித்த இடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒன்றும் இல்லை. ஆடாதொடைப் புதர்கள் மட்டும்.

"கோவமா இருந்தானா?" என்று கேட்டாய்.

"ஐயே, கோவமெல்லாம் இல்லம்மா. எங்கக்கா அடிச்ச அடிக்குத்தான் இந்தக் குழின்னு கன்னத்தக் காட்டிச் சிரிப்பான். போடா ஊருக்குன்னா, அக்காவுக்கு ஒரு பொடவ எடுத்துக்கிட்டுப் போறேன்னுவான். ஒவ்வொரு மாசமும் சொல்லுவான்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அந்தச் சித்திரையில, மத்தியான பாசஞ்சர் வர நேரத்துல அவர்..."

நீ என் கையைப் பிடித்தாய். "அத கேக்காத" என்றாய். "கேட்டு, அவரு ஆமான்னுட்டா நீ தாங்க மாட்ட. இல்லன்னுட்டா நான் நம்ப மாட்டேன்."

நான் கேட்கவில்லை. அந்த முதுகு அவனுடையதா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கிழவர் இப்போதும் அங்கே இருக்கிறார். ஒரு வண்டி ஏறினால் தெரிந்துகொள்ளலாம். போகமாட்டேன்.

திரும்பும் வண்டிக்காக பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தபோது நானே கேட்டேன். "எப்பத் தெரியும்?"

"கார்டு வந்த அந்த வாரமே. பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு."

"ஏன் அந்தப் பெண்ணைப் படிக்கச் சொன்னே?"

"நீ படிக்கிறப்ப ஒரு எடத்துல மூச்சு வுட்ட. வெல சொல்றவ பொய் சொன்னா மூச்சு அப்படித்தான் வரும். எனக்குத் தெரியாதா?"

"ஏன் அக்கா கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பார்த்தேன்." தண்டவாளத்தின் பக்கம் திரும்பினாய். "அஞ்சு வருசமா பார்த்தேன்."

வண்டி வருவதற்கு மணி அடித்தார்கள். எழுந்திருக்க நான் கை கொடுத்தேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு எழாமலே சொன்னாய்: "அன்னிக்கு என் கையப் புடிச்சு உக்கார வெச்சியே, அது தப்பில்ல. யாரா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பாங்க. எனக்குந்தான் பயம், வேற ஆளா இருந்துட்டா இன்னா பண்றதுன்னு. ஆனா பேர மாத்துன பாரு. அவன் எங்க கெடக்கிறான்னு எனக்குத் தெரியக் கூடாதுன்னு நெனச்ச பாரு."

மன்னித்துவிட்டேன் என்று நீ சொல்லவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. பெட்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ பிறகும் இரண்டு தடவை வந்தாய், மீன் இல்லாமல், சும்மா. வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தாய். என் முகத்தைப் பார்த்து நிற்பதை விட்டுவிட்டாய். அது எனக்கு விடுதலையாக இருந்திருக்கவேண்டும். ஐந்து வருஷம் எதிர்பார்த்த ஒன்றை நீ இனி எதிர்பார்க்கவில்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது. ஆனியில் நீ போய்விட்டாய் என்று குப்பத்திலிருந்து ஆள் வந்து சொன்னார்கள்.

உன் எதிர் வீட்டுக்காரி போன வாரம் ஒரு கடிதத்தோடு வந்தாள். அவள் மகன் சைகோனில் சமையல் வேலையில் இருக்கிறானே, அவனிடமிருந்து. நான் உறையின் முத்திரையிலிருந்து தொடங்கினேன். ஊர், தேதி, பிறகு எழுதியிருந்தது எல்லாம். நடுவில், அங்கேயே ஒரு பெண்ணோடு குடும்பமாகிவிட்டேன், இனி வரமாட்டேன் என்று நாலு வரி இருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நாலு வரியையும் அதே குரலில் படித்தேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு, "இன்னொரு தடவ படி" என்றாள். இன்னொரு தடவை படித்தேன். நான் மூச்சு விடவில்லை, அக்கா.